அகமதாபாத் பழைய நகரில் நான்கு நாள்: போள், திண்ணை, சுடச்சுட கீச்சு

அரிசிலாறு எழுதியது:

மகளை ஆறு மாதப் பயிற்சிக்காக அகமதாபாத்தில் விட்டுவிட்டு வர, ஜனவரி முதல் வாரம் சென்னையில் நவஜீவன் ஏறினேன். ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல். அவளை விடுதியில் சேர்த்த பிறகு கையில் நான்கு நாள் இருந்தது. ஊரைப் பற்றி நான் அறிந்திருந்தது சபர்மதி ஆசிரமமும் துணி மில்களும்தான். அப்புறம், "பருப்பில் வெல்லம் போடுவார்கள், உன்னால் சாப்பிட முடியாது" என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பிய எச்சரிக்கை. திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் இன்னும் அந்த ஊர்ப் பேச்சுத்தான். அங்கே வாழ்ந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் நான் பார்க்கத் தவறியதைச் சொல்லுங்கள்.

முதல் நாள் ஆசிரமம். 1917 முதல் 1930 வரை காந்தி வாழ்ந்த இடம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். மதியம் தாலிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். பருப்பு வந்தது. ஒரு வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. வெல்லம், புளிப்பு, நடுவில் வேகவைத்த வேர்க்கடலை. சாம்பாரை மனதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது என் தவறு. பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய பெரியவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாம் நாள் காலை எட்டு மணி வாக்கில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து புறப்படும் மரபு நடையில் சேர்ந்தேன். 1997-இலிருந்து நடக்கிறது. கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் போள்கள். போள் என்றால் ஒரு வாசல் வைத்த குடியிருப்புச் சந்து. உள்ளே நுழைந்தால் சந்து இரண்டாகும், நான்காகும், சில இடத்தில் சுவரில் போய் முட்டும். குஜராத்தியிலும் நம் 'ள' இருக்கிறது என்று அங்கேதான் கவனித்தேன். போல் இல்லை, போள். வழிகாட்டி அதை அழுத்திச் சொன்னபோது சொந்த ஊர்ச் சொல் போலக் கேட்டது.

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் திண்ணை. ஓட்லோ என்கிறார்கள். நான் பிறந்த தெருவில் என் தாத்தா காலத்துத் திண்ணைகளை இடித்து வண்டி நிறுத்த இடமாக்கிவிட்டோம், எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான். இங்கே திண்ணையில் பட்டாணி உரிக்கிறார்கள், பேப்பர் படிக்கிறார்கள், ஒரு பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். கவி தல்பத்ராம் வீடு இருந்த இடத்தில் முகப்பை மட்டும் எழுப்பி, திண்ணையில் அவரை வெண்கலத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் காலம் 1820 முதல் 1898 வரை. பக்கத்தில் நாமும் உட்காரலாம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் கவிஞரின் முழங்காலில் பையை மாட்டிவிட்டு ஷூவுக்குக் கயிறு கட்டினான். யாரும் அவனை விரட்டவில்லை.

சந்துகள் கூடும் இடத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் செதுக்கு வேலை செய்த சின்ன மண்டபம். சபூத்ரோ. பறவைகளுக்குத் தானியம் போட. மரத்தை வெட்டி வீடு கட்டியதால் பறவைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

மூன்றாம் நாள் வழிகாட்டி இல்லாமல் அதே சந்துகளுக்குள் தனியாகப் போனேன். வழி தவறிவிட்டது. முட்டுச் சந்தில் திரும்ப நின்றபோது, திண்ணையில் அலுமினியப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா "ஆவோ, பேஸோ" என்றார். வா, உட்கார். ஒரு சின்னத் தட்டில் வெள்ளையாக, ஆவி பறக்க, களி மாதிரி ஒன்றை வைத்து, நடுவில் விரலால் குழி செய்து கடலை எண்ணெய் ஊற்றி, மேலே சிவப்பாக ஒரு பொடி தூவிக் கொடுத்தார். கீச்சு என்றார்.

வாயில் வைத்தேன். அரிசி மாவு, சீரகம், பச்சை மிளகாய், அப்பளக்காரத்தின் அந்த லேசான வாசனை. எனக்கு ஏழு வயது ஆகிவிட்டது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து அம்மா வடகம் பிழியும் காலையில், பிழியும் அச்சில் போடுவதற்கு முன் ஒரு கரண்டி மாவைக் கையில் வைப்பாளே, அதே மாவு! நாம் காய வைப்பதற்காகக் கிண்டுகிறோம், பிள்ளைகள் திருடித் தின்கிறோம். அவர்கள் அதையே ஒரு உணவாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை. கண் கலங்கியதைப் பார்த்துக் காரம் என்று நினைத்து மோர் கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அன்று இரவே முதல் நாள் போன அதே கடைக்குப் போய் மறுபடி தாலி சாப்பிட்டேன். பருப்பைச் சோற்றில் ஊற்றாமல், அவர்கள் செய்வது போல முதலில் ரொட்டியோடு, கிண்ணத்திலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, கூடவே கசப்பும் காரமுமான ஊறுகாய். அப்படிச் சாப்பிடும்போது அந்த இனிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. இதை எனக்குச் சொல்லத் தெரிந்தவரை சொல்லியிருக்கிறேன்.

மணிநகர்ப்பெண் எழுதியது:

படித்ததும் கை தன்னால் விசைப்பலகைக்குப் போய்விட்டது. நான் பிறந்தது வளர்ந்தது மணிநகரில். அப்பா மில் வேலைக்கு வந்தவர். மணிநகரில் தமிழர் நிறைய. தமிழ்வழிப் பள்ளிகூட இருந்தது, பிள்ளைகள் குறைந்து 2020-இல் மூடினார்கள்.

அண்ணா, அந்தச் சிவப்புப் பொடி மேத்தி மசாலா. வெந்தயமும் மிளகாயும் சேர்த்து ஊறுகாய்க்குப் போடுவது. கீச்சு பற்றியும் உங்கள் ஊகம் சரிதான்: எங்கள் பக்கத்து வீட்டு மாசி (குஜராத்தியில் சித்தி, பெரியம்மா) வெயில் காலத்தில் அரிசி அப்பளத்துக்கு மாவு வேகவைப்பார். பாதி அப்பளமாகும், பாதி எங்கள் வயிற்றுக்குள் போகும். என் அம்மா கூழ் வடகம் போடும் நாளில் மாசி கிண்ணத்தோடு வந்து நிற்பார். இரண்டு வீட்டிலும் ஒரே மாவு என்று அந்த வயதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இப்போதுதான் இருக்கிறது.

நீங்கள் விட்டது ஒன்று: ஞாயிறு காலை ஃபாஃப்டா ஜிலேபி. கடலை மாவைப் பலகையில் உள்ளங்கையால் ஒரே இழுப்பில் நீளமாகத் தேய்த்து, கத்தியால் சீவி எண்ணெயில் விடுவார்கள். தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய் சம்பாரோ, வறுத்த பச்சை மிளகாய், 'கடி' என்னும் கடலை மாவுக் குழம்பு கொஞ்சம். பக்கத்தில் சூடான ஜிலேபி. தசராவுக்கு அதற்காக வரிசையில் நிற்போம். உப்பு ஒரு கடி, இனிப்பு ஒரு கடி. இந்த மாற்றி மாற்றிச் சாப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் பருப்பு தானாகப் பிடிபடும்.

இன்னொன்று. இங்கே எல்லோரும் மஞ்சளாக இருப்பதை டோக்ளா என்கிறார்கள். அது கமண், கடலைப் பருப்பு. டோக்ளா வெள்ளை. அரிசியும் பருப்பும் அரைத்துப் புளிக்க வைத்து ஆவியில் வேகவைப்பது. இட்லித் தட்டில் ஊற்றினால் நம் வீட்டுப் பிள்ளை.

தறிநாடா எழுதியது:

நான் மதுரை, சௌராஷ்டிரக் குடும்பம். எங்கள் முன்னோர் குஜராத் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து பட்டு நெய்தவர்கள் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். லாட நாட்டிலிருந்து, அதாவது தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர்கள் தசபுரம் (இன்றைய மந்தசோர்) போனதை மந்தசோர் கல்வெட்டு சொல்கிறது, ஐந்தாம் நூற்றாண்டு. எங்கள் பெரியவர்கள் அதை எங்கள் கதையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்து வருடம் முன்பு அகமதாபாத் போனேன். போகும் முன் ஒரு பயம். நம்மை யாருக்கும் தெரியாது, நமக்கும் ஒன்றும் புரியாது, அந்தக் கதையெல்லாம் வெறும் கதை என்று ஆகிவிட்டால்? பழைய நகரச் சந்தையான மானெக் சவுக்கில் தண்ணீர் கேட்கும்போது வாயில் எங்கள் மொழியே வந்துவிட்டது, 'பாணி' என்று. கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். விலை சொன்னபோது சார், பாஞ்ச் என்பது வீட்டில் எண்ணுவது போலவே காதில் விழுந்தது. மற்றபடி பேச்சு பாதிக்கு மேல் புரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

சாப்பாட்டில் எங்கள் வீட்டுச் சுவை கிடைக்கும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. நாங்கள் மதுரையில் புளியும் காரமுமாக மாறி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.

உப்புமூட்டை எழுதியது:

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வேலை விஷயமாக இரண்டு வருடம் இருந்தேன். மானெக் சவுக் இரவுக் கடைகளை எனக்குப் பிடிக்கவில்லை. தோசைக்குள் ஒரு கட்டி சீஸ், அன்னாசியும் சாக்லேட்டும் வைத்த சாண்ட்விச், எதிலும் வெண்ணெய். இதை 'மரபுச் சுவை' என்று சுற்றுலாக்காரர்கள் எழுதுவது சரியில்லை. அப்புறம் போள் வாழ்க்கை. ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே மதம் என்று அடைத்துக்கொண்டு வாழ்ந்த இடம்தானே? வெளியாளுக்கு அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா? திண்ணையில் ஒரு தட்டு கீச்சு கிடைப்பது வேறு, அந்த வீட்டுக்குள் குடியேறுவது வேறு.

அரிசிலாறு எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு நாள் போனவன் வாசலோடு நின்றவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மானெக் சவுக் பற்றி மட்டும் மறுக்கிறேன். அங்கே சாப்பாட்டை விட அந்த இடம் மாறும் விதத்தைப் பாருங்கள். காலையில் மாட்டுக்குப் புல், பகலில் நகைக்கடை, இரவு ஒன்பதுக்கு மேல் சாப்பாட்டுக் கடை. இடைப்பட்ட நேரத்தில் நகைக்கடை வாசலில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, சின்னத் துடைப்பத்தால் கல் இடுக்கிலிருந்து மண்ணைக் கூட்டி முறத்தில் அள்ளினார். குப்பை கூட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த மண்ணைக் கழுவினால் பட்டறையிலிருந்து பறந்த தங்கத் துகள் கிடைக்கும், அதுதான் அவர் தொழில் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் எழுந்து போன கால் மணி நேரத்தில் அதே கல்லின் மேல் ஒரு பெரிய தவாவை இறக்கிவிட்டார்கள். அந்த தோசை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் அதைப் பங்கு போட்டுச் சாப்பிட்ட ஐந்து பேர் குடும்பம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுண்ணாம்புக்காரை எழுதியது:

பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். போள் வீடுகளை அளக்க மூன்று மாதம் அங்கே தங்கியிருக்கிறேன். அரிசிலாறு பார்த்தது வெளி முகம். உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

நடு முற்றத்துக்கு சவுக் என்று பெயர். நம் பக்கத்து முற்றம் போலத்தான், ஆனால் குறுகலும் உயரமுமாக இருக்கும். வெயில் தரையைத் தொடும் நேரம் கொஞ்சம்தான். அந்தத் தரைக்குக் கீழே டாங்கு, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. கூரையில் விழும் மழை குழாய் வழியாக நேரே அதற்குள் போகும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வரும் தண்ணீரைத்தான் சேர்ப்பார்கள். மேலே ஒரு சின்ன மூடி, ஒரு குடம் இறங்கும் அளவுக்கு. நான் பார்த்த ஒரு வீட்டில் பாட்டியம்மா சமையலுக்கு மட்டும் இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார். பருப்பு அதில் வேகுவது போல் குழாய்த் தண்ணீரில் வேகாது என்றார். ஒரு செம்பு குடிக்கக் கொடுத்தார், சில்லென்று இருந்தது. ஏப்ரல் மாதம், மத்தியானம்.

செங்கல் சுவருக்குள் மரச்சட்டம் கோத்துக் கட்டியிருப்பார்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் நகரின் புதிய பகுதியில் பல அடுக்குமாடிகள் சரிந்தன. மரம் கோத்த பழைய வீடுகள் பல ஆடிவிட்டு நின்றன. எங்கள் தொழிலில் இதைச் சொல்லாமல் யாரும் பாடம் தொடங்குவதில்லை.

வருத்தமான பக்கமும் இருக்கிறது. 2017 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபு நகரமாக அறிவித்தது, இந்தியாவில் முதல் நகரம். அதற்கு வெகு காலம் முன்பே குடும்பங்கள் ஆற்றுக்கு மேற்கே போகத் தொடங்கிவிட்டன. வீடு பத்து வாரிசுக்குச் சொந்தம், ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார். கீழே கிடங்கு, மேலே பூட்டு. பூட்டிய வீட்டில் முதலில் சாவது கூரைதான். ஒரு ஓடு நகர்ந்தால் போதும், இரண்டு மழையில் உத்தரம் மக்கிவிடும். அந்த வீடுகளுக்குத் தேவை ஓட்டைத் தள்ளிச் சரிசெய்ய மேலே ஏறும் ஒரு ஆள். விருதுப் பலகை ஏறாது.

உப்புமூட்டை சொன்ன சாதி விஷயம் உண்மை. போள் வாசல் கதவு அழகுக்காக வைத்ததில்லை. அதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

தீன்தர்வாசா எழுதியது:

இவ்வளவு பேசினோம், கறி என்ற சொல்லே வரவில்லை. என் மாமா குடும்பம் ஜமால்பூரில் ஐம்பது வருடமாக இருக்கிறது. 1411-இல் அகமது ஷா தொடங்கிய ஊர் இது. அவர் கல்லறையும் ராணிகளின் கல்லறையும் மானெக் சவுக்கில், நீங்கள் சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. குஜராத் என்றால் சைவம் என்று எழுதுபவர்கள் தீன் தர்வாசா என்னும் மூன்று வளைவு வாசலிலிருந்து நான்கு எட்டு வைத்தால் பட்டியார் கலி. சமையல்காரர் தெரு என்று பொருள். சாயங்காலம் கரியில் சீக் கபாப் வாட்டும் புகை தெருவை நிரப்பும். கொத்துக்கறி சமோசா பொரிப்பார்கள், ஓடு காகிதம் போல மெல்லிசு. ரமலானில் அந்தத் தெருவைப் பார்க்காதவர் பாதி ஊரைப் பார்க்காதவர்.

1969, 1985, 2002 என்று இந்த ஊருக்குக் கலவரக் காயங்கள் உண்டு. அதனால் யார் எந்தப் பக்கம் வீடு எடுக்கலாம் என்பது இன்றும் எழுதாத சட்டமாக இருக்கிறது. மாமா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் விருந்தாளி வந்தால் தீன் தர்வாசாவுக்கு அழைத்துப் போய் அங்கே மாடத்தில் எரியும் விளக்கைக் காட்டுவார். லட்சுமி ஊரை விட்டுப் போகப் பார்த்தாள், காவலர் ஒருவர் 'நான் திரும்பும் வரை போகாதே' என்று வாக்கு வாங்கிக்கொண்டு போய், அவள் நிற்கட்டும் என்று தன் உயிரைக் கொடுத்துவிட்டார் என்பது கதை. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றி வருவது ஒரு முஸ்லிம் குடும்பம். காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் சமோசா வாங்கப் போய்விடுவார்.

சித்தி சையத் மசூதியை யாரும் எழுதவில்லையே? கட்டியவர் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) வம்சத்துக்காரர். சுல்தான் ஆட்சி முடியும் தறுவாயில், 1573 வாக்கில் முடிந்த வேலை. பின்சுவர் ஜன்னலில் கல்லிலேயே ஒரு மரம், கிளை கிளையாகப் பின்னிப் படர்ந்திருக்கும். பிற்பகல் உள்ளே உட்கார்ந்து பாருங்கள், வெயில் மேற்கேயிருந்து அந்த மரத்துக்குள் நுழைந்து வரும்.

நெல்லைத்தென்றல் எழுதியது:

மார்ச்சில் போக நினைக்கிறேன். உந்தியு கிடைக்குமா? அப்புறம் கீச்சு அளவு யாராவது சொல்லுங்கள், வீட்டில் கிண்டிப் பார்க்கிறேன்.

மணிநகர்ப்பெண் எழுதியது:

உந்தியு குளிர்காலப் பண்டம். பேர் சூரத்துக்குத்தான் அதிகம். பிஞ்சு அவரை, கத்தரி, ராசவள்ளிக்கிழங்கு, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் மண்பானையில் அடைத்து, பானையைத் தலைகீழாகப் புதைத்து மேலே தீ மூட்டுவது பழைய முறை. மார்ச்சில் நல்ல அவரை போயிருக்கும். முடிந்தால் அடுத்த வருடம் ஜனவரி 14, பட்டம் விடும் உத்தராயணத் திருநாளுக்குப் போங்கள். ஊரே மாடியில் இருக்கும், உந்தியுவும் ஜிலேபியும் மாடிக்கே வரும். ஒன்று மட்டும், மாஞ்சா நூல் பறவைகளை அறுக்கிறது. காலையிலும் சாயங்காலமும் அவை பறக்கும் நேரத்தில் பட்டத்தை இறக்கிவிடுங்கள்.

கீச்சு: அரிசி மாவு ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப். தண்ணீரில் சீரகம், இடித்த பச்சை மிளகாய், உப்பு, அப்பளக்காரம் இரண்டு சிட்டிகை போட்டு நன்றாகக் கொதிக்க விடுங்கள். தீயைக் குறைத்து, மாவைக் கொட்டிக்கொண்டே பூரிக்கட்டைக் காம்பால் விடாமல் கிண்டுங்கள். கட்டி தட்டினால் பயப்படாதீர்கள், ஓரத்தில் வைத்து அழுத்தினால் கரையும். பிறகு ஆவியில் பத்து நிமிடம். எண்ணெய் பச்சைக் கடலை எண்ணெய்தான், தாளிக்கக் கூடாது.

நெல்லைத்தென்றல் எழுதியது:

கிண்டினேன் அக்கா. கடலை எண்ணெய் தீர்ந்துவிட்டது, நல்லெண்ணெய் ஊற்றினேன், தப்பா? என் மாமியாருக்கு எண்பது வயது. தட்டைப் பார்த்ததும், "வடகத்துக்குப் பிழியாம தட்டுல எதுக்குடி வச்சிருக்க?" என்றார். பிறகு இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அரிசிலாறு எழுதியது:

நல்லெண்ணெயில் தப்பே இல்லை, எங்கள் அம்மா அப்படித்தான் கொடுப்பாள்.

மகளிடம் நேற்று அந்த முட்டுச் சந்தை விவரம் சொல்லி அனுப்பினேன். வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு என்னை நினைவிருக்கிறதாம், 'மோர் கேட்ட மதராஸி' என்றாராம். நான் மோர் கேட்கவேயில்லை. மகளைத் திண்ணையில் உட்கார வைத்து, ஊரிலிருந்து வடகம் வந்தால் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார். இன்று காலை ஒரு டப்பா கூழ் வடகம் கூரியரில் போட்டேன். உடையாமல் போய்ச் சேர வேண்டும், அரிசிக்குள் புதைத்துக் கட்டியிருக்கிறேன்.